ஆற்றைப் பிடித்துப் போனவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்?

மலையைத் தாண்ட ஆற்றைப் பிடித்து ஏறினால் போதும், அதன் தலைமாட்டில் ஒரு கணவாய் இருக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் பலிக்கும் யோசனை இது. சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலையில் இதுதான் ஆங்கிலேயரைக் கால் நூற்றாண்டு அலைக்கழித்தது.

1793இல் வில்லியம் பேட்டர்சன் குரோஸ் ஆற்றில் படகேறிப் போய்த் திரும்பினார். 1796இல் ஜார்ஜ் பாஸ், 1802இல் பரலியே, எல்லோருக்கும் இதே கதைதான். இத்தனைக்கும் மலையின் உயரம் சுமார் 1,000 மீட்டர்!

சிக்கல் பாறையில் இருக்கிறது. பெயர்தான் மலை, உண்மையில் அது ஆறுகள் அறுத்துப்போட்ட மேட்டுநிலம். மேலே கெட்டியான மணற்கல், அடியில் நிலக்கரியும் களிக்கல்லும் கலந்த மெத்தென்ற அடுக்குகள். தண்ணீர் அடியை அரிக்க அரிக்க, பிடிமானம் இழந்த மணற்கல் தன் செங்குத்து வெடிப்புகள் வழியே பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. அதனால் பாறைமுகம் சரிவாகத் தேயாமல், சுவராகவே பின்னால் நகர்கிறது. பள்ளத்தாக்கில் நடப்பவர் கடைசியில் அந்தச் சுவரின் அடியில்தான் போய் நிற்பார்.

1813 மே மாதம் பிளாக்ஸ்லேண்ட், லாசன், வென்ட்வொர்த் என்ற மூன்று குடியேறிகள் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு, நான்கு வேலையாட்கள், நான்கு குதிரைகள், ஐந்து நாய்களோடு முகட்டில் ஏறினார்கள். விதி ஒன்றே ஒன்று: வலப்பக்க ஓடையெல்லாம் குரோஸ் ஆற்றுக்குப் போக வேண்டும், இடப்பக்க ஓடையெல்லாம் மேற்கு ஆற்றுக்கு. எதையும் தாண்டக் கூடாது. ஓடை குறுக்கே வந்தால் முகட்டைவிட்டு இறங்கிவிட்டோம் என்று அர்த்தம். அதன் தலைப்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வரைபடமே இல்லாமல் வழி காட்டும் முறை இது.

ஆனால் ஓடையில்லாத இடத்தில் குடிக்கத் தண்ணீர் ஏது? பள்ளத்தில் இறங்கித்தான் எடுத்துவர வேண்டும். குதிரைக்குப் புல்லும் அரிது. பகலில் புதரை வெட்டிப் பாதை போட்டு, முகாமுக்குத் திரும்பி, மறுநாள் குதிரைகளை அதில் ஓட்டிப் போனார்கள். முகட்டின் முடிவிலும் செங்குத்துதான். குதிரைகள் சறுக்காமலிருக்க மண்வெட்டியால் சிறு பள்ளம் வெட்டி இறக்கினார்கள். மே 31ஆம் தேதி, புல்வெளியைக் கண்ட நிம்மதியோடு திரும்பிவிட்டார்கள். மலைத்தொடரை முழுக்கக் கடந்தது, அவர்கள் தடத்தைப் பிடித்து அதே ஆண்டு நவம்பரில் கிளம்பிய நில அளவையாளர் ஜார்ஜ் எவன்ஸ்.

‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தாருக், குந்துங்குரா பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த மலையில் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1823இல் ஆர்ச்சிபால்ட் பெல் இரண்டாவது பாதையைப் பிடித்ததும் பழங்குடியினர் வழிகாட்டித்தான்.

1814 ஜூலையில் வில்லியம் காக்ஸ் கைதிகளை வைத்துச் சாலை போடத் தொடங்கினார். ஆறே மாதத்தில் 101 மைல் முடிந்தது. இன்று மலைமேல் இருக்கும் கட்டூம்பா ஊருக்குப் போகும் ரயிலும் நெடுஞ்சாலையும் அதே முகட்டில்தான் போகின்றன. ஊர்களும் அதன்மேல் மணி கோத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.