பழைய புத்தகத்துல இருந்து பிச்ச ஒத்தப் பக்கத்த வாங்காதீங்க

பழைய காகிதம், கையெழுத்துப் புத்தகம் இதையெல்லாம் சரிபண்ணிப் பாதுகாக்கிறதுதான் என் வேலை. ஈரான் டூர் போயிட்டு வர்றவங்க சிலர் இஸ்ஃபஹான் பஜார்ல வாங்குன ஒரு நுண்ணோவியத்த ஃப்ரேமோட கொண்டாந்து மேசைல வைப்பாங்க, "400 வருசப் பழசாம், ஓரம் உதிருது, சரிபண்ணித் தர முடியுமா"ன்னு கேப்பாங்க. ஃப்ரேமக் கழட்டி லென்ஸ் வச்சுப் பாத்தா காகிதம் நெஜமாவே பழசு, எழுத்தும் பழசு, படம் மட்டும் புதுசு. அதச் சொல்றப்போ அவங்க முகத்தப் பாக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கும்.

பழைய புத்தகத்தப் பிரிச்சு, பக்கத்துக்குப் பக்கம் மேல புதுசா ஒரு வேட்டையோ போலோ ஆட்டமோ வரைஞ்சு வித்துடுறாங்க. அந்தக் காலத்துப் பட்டறைல முதல்ல எழுதுறவர் படத்துக்கு இடம் விட்டு எழுதி முடிப்பார், அதுக்கப்புறம்தான் ஓவியர் கைல போகும். அதனால எழுத்து மேலயே பெயின்ட் ஏறி நின்னா சந்தேகப்படுங்க. பூச்சி அரிச்ச ஓட்டையையும் பாருங்க, பழைய படம்னா பூச்சி வண்ணத்தையும் சேத்துத் தின்னிருக்கும், புதுப்படம்னா பெயின்ட் ஓட்டையோட விளிம்புல இறங்கியிருக்கும். பாரசீகம் தெரிஞ்சவங்க யாரையாவது படிக்கச் சொல்லுங்க, படம் போலோவா இருக்கும், எழுத்து ஏதோ தொழுகை முறை பத்தி இருக்கும்.

நெஜமான பக்கமாவே இருந்தாலும் எனக்கு வருத்தம்தான். ஏன்னா இது சுவத்துல மாட்ட வரைஞ்ச படமே இல்ல, கதை படிக்கிறவங்க மடில வச்சுப் புரட்ட வரைஞ்சது. ஷாநாமா (ஈரானோட பழைய ராஜாக்கள் கதையச் சொல்ற காவியம்) மாதிரி புத்தகத்துல எந்தச் செய்யுளுக்குப் படமோ அது படத்தை ஒட்டியே வரணும்னு, சில சமயம் அதுக்கு முந்தின பக்கத்துல வரிகளச் சாய்வா எழுதி இடத்த இழுத்து நிரப்புவாங்க, அவ்வளவு கணக்குப் போட்டுச் செஞ்சத ஒரு பிளேடு வச்சு அறுத்தா என்ன மிஞ்சும் சொல்லுங்க?

ஈரான் மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக 1520கள்ல தப்ரீஸ் நகரத்துல ஆரம்பிச்ச ஷாநாமாப் பிரதில 258 படம் இருந்துச்சு. 1568ல ஓட்டோமான் சுல்தானுக்குப் பரிசாப் போய், அத்தனை நூற்றாண்டு முழுசா இருந்த புத்தகம் அது. 1959ல ஹௌட்டன்ங்கிற அமெரிக்கச் சேகரிப்பாளர் வாங்கினார், அப்புறம் பக்கம் பக்கமாப் பிரிச்சுட்டார். 78 படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் போச்சு, கொஞ்சம் ஏலத்துல போச்சு, மிஞ்சின 118 படத்தையும் எழுத்துப் பக்கங்களையும் அட்டையையும் 1994ல ஈரான், டி கூனிங்ங்கிற அமெரிக்க ஓவியரோட படம் ஒண்ணக் குடுத்து மாத்தி வாங்குச்சு. அதுல சுல்தான் முகமதுங்கிற ஓவியர் வரைஞ்ச, கதையோட முதல் ராஜா கயூமர்ஸோட அரசவைப் படம், பாறைக்குள்ளயெல்லாம் மனுச முகமும் மிருக முகமும் ஒளிஞ்சிருக்குமே, அது இப்போ டொராண்டோல. அந்தப் புத்தகத்தோட எழுத்துப் பக்கங்க தெஹ்ரான்ல. இதுக்கும் முன்னாடி பாரிஸ்ல டெமோத்ங்கிற வியாபாரி, மங்கோலியர் காலத்து ஷாநாமா ஒண்ணுல ரெண்டு பக்கமும் படம் இருந்த தாள ரெண்டா உரிச்சே வித்தார், ஒரு தாளுக்கு ரெண்டு விலை கிடைக்கும்ல.

வீட்ல ஏற்கனவே இருந்தா பச்சை நிறத்த முதல்ல பாருங்க. செம்புல இருந்து எடுக்கிற பச்சை காகிதத்த மெல்ல மெல்ல அரிக்கும், பின்பக்கம் பழுப்பா ஊறித் தெரியும், எழுத்தச் சுத்திப் பச்சைக் கோடு போட்டிருந்தா ஒரு நாள் நடுப்பகுதி மட்டும் ஜன்னல் மாதிரி கழண்டு விழுந்துடும். ஈரம் பட்டா இன்னும் வேகமா நடக்கும், அதனால ஈரத்துணியால துடைக்கவே துடைக்காதீங்க. செல்லோடேப் வேணாம், லேமினேஷன் வேணவே வேணாம், வெயில் விழுற சுவரும் வேணாம். முழுப் புத்தகமா இருந்து தையல் விட்டுப் போயிருந்தாலும் பக்க வரிசையக் கலைக்காம, உதிர்ந்த துண்டையும் சேத்து ஒரு காட்டன் துணில சுத்தி அப்படியே கொண்டாங்க.