கீமோ ஊசியும் மரத்துப்போகும் கால்களும்

புற்றுநோய்க்குக் கீமோ போட்டால் முடி கொட்டும், வாந்தி வரும் என்று கிருஷ்ணகிரிப் பக்கம் எந்தத் திண்ணையில் கேட்டாலும் சொல்வார்கள். கால் மரத்துப்போகும் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பவர்களும், பூ கட்டும்போது நார் பிடிபடாமல் தடுமாறுபவர்களும் அதைச் சத்துக் குறைவு என்று எண்ணிக் களியைக் கூட்டிச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பு செல்கள் முதுகுத்தண்டை ஒட்டிய முடிச்சுகளில் இருக்கின்றன. மூளையை இரத்தத்திலிருந்து காக்கும் தடுப்பு அந்த முடிச்சுகளுக்கு அவ்வளவாகக் கிடையாது. மருந்து எளிதில் புகுந்துவிடும். சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் என்ற பிளாட்டினம் கீமோ மருந்துகள் இரண்டும் அங்குள்ள செல்லின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கின்றன. பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தின் வழி வேறு. முடிச்சிலிருந்து கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே செல்லின் இழை ஓடுகிறது. அதற்குத் தேவையான சரக்கெல்லாம் உள்ளேயுள்ள நுண்குழாய்களைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச்சேரும். புற்றுசெல் பிரிந்து பெருகாதபடி நுண்குழாய்களை இறுகவைப்பது பாக்லிடாக்சலின் வேலை. நரம்பிலும் அதையே செய்து, சரக்கு போவதைக் கெடுத்துவிடுகிறது. வின்கிறிஸ்டினோ குழாய்களை உருவாகவே விடாது. (நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்து அது.) இழை நீள நீளப் பாதிப்பும் அதிகம் என்பதால் முதலில் கால்விரல், பிறகு கைவிரல். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

ஆக்ஸாலிபிளாட்டினுக்கு இன்னொரு குணம் உண்டு. ஊசி போட்ட சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை மார்கழியில் தொட்டித் தண்ணீரைத் தொட்டாலே விரல் சுரீரென்று குத்தும். குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். அந்த நாட்களில் வெதுவெதுப்பான நீரையே குடியுங்கள், விடியற்காலை வேலைக்குக் கையுறை போடுங்கள். பிளாட்டினம் மருந்துகளில் மரப்பு, சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்கள் கூடிக்கொண்டே போகலாம். பயந்துவிட வேண்டாம், ஆனால் சொல்லிவிடுங்கள்.

சொல்லாததற்கு உண்மையான காரணம் எனக்குத் தெரியும்: சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்ற பயம். பெரும்பாலும் நிறுத்துவதில்லை. அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். சட்டைப் பொத்தான் போட முடியாத நிலைக்கு வந்தபின் சொன்னால் இந்த வழிகளால் கிடைக்கும் பலன் குறைந்துவிடும். அடுத்த ஊசிக்கு முன்பே, மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும், பி வைட்டமின்கள் கலந்த 'நரம்பு ஊசி' இதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. பி6 வைட்டமின் அளவு மீறினால் அதுவே இதே நரம்புகளைக் கெடுக்கும். வலிக்கு டுலாக்செட்டின் என்ற மருந்து ஓரளவு உதவும். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது வெந்நீர் ஒத்தடத்தின் மீதுதான். உணர்வில்லாத காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபின்தான் தெரிகிறது. கீமோ நடக்கும்போது அந்தப் புண்ணில் சீழ் பிடித்தால் ஆறுவது கடினம். தண்ணீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் கைவைத்துப் பார்க்கட்டும். தோட்டத்துக்கு வெறுங்காலோடு போகாதீர்கள். வார் வைத்த செருப்பு போடுங்கள், திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள்.