மீட்பு அகழாய்வு: சொல் விளக்கம்

நகரின் நடுவே பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அடித்தளம் தோண்டினால் அடியில் உள்ள மண்ணடுக்குகள் அத்தனையும் அழிந்துபோகும். அதற்குள் தொல்லியலாளர்கள் இறங்கி, தோண்டி, அளந்து, வரைந்து, கிடைத்ததை எடுத்துவைக்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ரெஸ்க்யூ ஆர்க்கியாலஜி’ என்று பெயர். அமெரிக்காவில் ‘சால்வேஜ் ஆர்க்கியாலஜி’ என்பார்கள். பிரிட்டனில் இந்த அழிவைக் கண்டு பதறியவர்கள் 1971இல் தொடங்கிய அறக்கட்டளைக்கே ‘ரெஸ்க்யூ’ என்றுதான் பெயர் வைத்தார்கள். பழைய பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லின் வேர், ‘உதறி விடுவித்தல்’ என்ற பொருள்கொண்ட லத்தீன் வினை.

இதற்கு இங்கிலாந்தின் யார்க் நகரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அங்கே காப்பர்கேட் தெருவில் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை இருந்த இடத்தில் கடைவளாகம் கட்டும் முன், 1976 முதல் 1981 வரை அகழ்ந்தார்கள். காற்றுப் புகாத ஈரமண் என்பதால் வடஐரோப்பாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளின் காலத்து மரவீடுகளின் சுவர்களும் தோலும் துணியும் மக்காமல் இருந்தன. கிடைத்த பொருள்கள் சுமார் 40,000. அகழாய்வு முடிந்து, கட்டுமானம் நடந்துகொண்டிருந்த 1982இல், மண் அள்ளும் இயந்திரத்தின் வாளியில் ஏதோ தட்டுப்பட்டது. 8ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசம்! அப்புறம் 1984இல் அதே இடத்தில் யார்க்கின் வைக்கிங் காலப் பெயரான ‘யோர்விக்’ என்ற பெயரில் அருங்காட்சியகம் திறந்தது.

சரி, தமிழில்? ‘பாதுகாப்பு அகழாய்வு’ என்று எழுதுவது தவறு. இங்கே இடம் காப்பாற்றப்படுவதில்லை. தப்புவது பொருள்களும் பதிவுகளும் மட்டுமே. ‘மீட்பு அகழாய்வு’ என்பதே சரி. மீட்பு என்றால் கைவிட்டுப் போகவிருப்பதைத் திரும்பக் கொண்டுவருவது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் கரந்தைத் திணை நமக்கு உண்டே. அந்த விரைவும் போராட்டமும் இந்தச் சொல்லிலும் ஒலிக்கின்றன. ‘அகழ்’ என்பதும் அகழி, அகழ்தல் எனப் பழகிய வேர்தான்.

ஆனால் எல்லாவற்றையும் ‘மீட்பு’ என்றுவிடக் கூடாது. 1990இல் இங்கிலாந்தில் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு, கட்ட அனுமதி கேட்கும்போதே தொல்லியலும் கணக்கில் வருகிறது. செலவைப் பெரும்பாலும் கட்டுபவரே ஏற்கிறார். பிரான்ஸ் 2001இல் இயற்றிய சட்டம் இதைத் ‘தடுப்புத் தொல்லியல்’ என்றே சொல்கிறது. அவசரமில்லாமல் முன்கூட்டியே திட்டமிட்டு நடக்கும் இந்தப் பணிக்குக் ‘கட்டுமான முன்னகழாய்வு’ பொருந்தும் என்பது என் கருத்து. ‘தடுப்பு’ என்றால் கட்டுமானத்தையே தடுப்பதுபோல் ஆகிவிடுகிறது.

பயன்பாடு: அணைநீரில் மூழ்கும் முன், ஆந்திராவின் பழைய பௌத்தத் தலமான நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை நடந்தது மீட்பு அகழாய்வு. கீழடித் தென்னந்தோப்பில் 2015இல் தொடங்கியது ஆய்வுக்காகவே செய்த அகழாய்வு; அதற்கு இந்த அடைமொழி வேண்டாம்.