மார்கழிக் குளிரும் குதிரையின் வயிறும்

வேலூரில் குதிரைக்குக் குளிருமா என்று கேட்டால், இந்த ஊர் வெயிலைப் பார்த்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. ஆனாலும் கார்த்திகை பிறந்ததும் குதிரை வைத்திருப்பவர்கள் கோணிச் சாக்கைத் தேட ஆரம்பிக்கிறார்கள். ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவரானாலும் சரி, ஆசைக்கு ஒரு மட்டக்குதிரை வளர்ப்பவரானாலும் சரி, யோசனை ஒன்றுதான்: ராத்திரி மேலே எதையாவது போர்த்து, காலையில் கொள்ளை ஒரு பிடி கூட்டிப் போடு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் குதிரையின் உடம்பு குளிரை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால், போர்வையை விடக் கூரையும், கொள்ளை விட வைக்கோலும்தான் அதிகம் உதவுகின்றன.

நாம் குதிரையின் குளிரை நம் தோலை வைத்து அளக்கிறோம், அங்கேதான் கணக்கு தப்புகிறது. துணியில்லாத மனித உடம்பு 27, 28 டிகிரிக்குக் கீழே போனாலே சூட்டைக் காக்கக் கூடுதலாகப் பாடுபட வேண்டும். குதிரைக்கு அந்த எல்லை வேறு. மிதமான தட்பவெப்பத்தில் வாழ்ந்து, நன்றாகத் தின்கிற, மயிர் காய்ந்திருக்கிற வளர்ந்த குதிரை சுமார் 5 டிகிரி வரை சும்மா நிற்கும். கனடாவின் கடுங்குளிருக்குப் பழகிய குதிரைகளுக்கு அது மைனஸ் 15 டிகிரி வரை இறங்குகிறது. வேலூரில் மார்கழி, தை ராத்திரிகளின் சராசரிக் குறைந்த வெப்பம் 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஏலகிரி 1,100 மீட்டர் உயரம், அங்கே இன்னும் ஐந்தாறு டிகிரி குறையலாம். அப்போதும் எல்லைக்கு மேலேதான். நாம் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கும் அந்த நேரம், மே மாதத்தைத் தாண்டி வந்த குதிரைக்கு வருஷத்திலேயே சுகமான நேரம்.

அப்படியானால் முன்னேற்பாடே வேண்டாமா? வேண்டும். குதிரையின் உடம்பு நமக்கு முன்னாலேயே அதைத் தொடங்கிவிடுகிறது, அதுவும் ஆடி மாதத்தில்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். வட ஆற்காட்டுக்காரர் ஒருவர் அங்கே ஒரு குதிரையை விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வியர்த்துக் கொட்டும். ஆனால் அந்தக் குதிரையின் உடம்புக்குள் குளிர்காலத்துக்கான கணக்கு ஓட ஆரம்பித்திருக்கும். காரணம், ஜூன் 21க்குப் பிறகு பகல் குறையத் தொடங்கிவிட்டது. இருட்டில் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ராத்திரி நீள நீள அது அதிக நேரம் சுரக்கும். அதைப் பார்த்து மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். புரோலாக்டின் குறைந்தால் கோடை மயிர் கழன்று, நீளமான, அடர்த்தியான மயிர் முளைக்கிறது. குளிர் இதைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் தொடங்கி வைப்பது வெளிச்சம்தான். பந்தயக் குதிரைப் பண்ணைகளில் பெட்டைக் குதிரை சீக்கிரமே பருவத்துக்கு வரவேண்டும் என்று விளக்குப் போட்டுப் பகலை 16 மணி நேரமாக நீட்டுவார்கள். அப்படிச் செய்தால் நடுக்குளிரிலேயே மயிரும் கொட்ட ஆரம்பித்துவிடும். லாயத்தில் ராத்திரி முழுக்க எல்.இ.டி. விளக்கு எரிய விடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் நம் ஊரின் இருப்பிடம் முக்கியமாகிறது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம். ராஜஸ்தானில், மார்வாரிக் குதிரைகளுக்குப் பேர்போன ஜோத்பூரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். வேலூரில் ஒன்றரை மணி நேரம்தான். பகல் குறைகிறது என்ற சேதி மெல்லியதாக வந்தால் மயிரும் மெல்லியதாகத்தான் வளரும். வடக்கிலிருந்து அடர்ந்த மயிரோடு வந்த குதிரை, இங்கே ஓரிரு வருஷத்தில் வழுவழுவென்று ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியூர்க் குதிரை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளைச் செதுக்கிய காலத்தில், விஜயநகரத்தார் அரபு நாட்டிலிருந்து கப்பலில் குதிரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, அதை அடக்க ஆற்காட்டிலிருந்து வந்ததும் பிரிட்டிஷாரின் குதிரைப்படைதான். இத்தனை குதிரைகளையும் இந்த மண்ணில் வாட்டியது வெயிலும் தீனியும் நோயுமாக இருந்திருக்கும். குளிர் அந்தப் பட்டியலில் கடைசியில்கூட வருமா என்பது சந்தேகம்.

சரி, மயிருக்கு வருவோம். ஒவ்வொரு மயிரின் அடியிலும் மிகச் சிறிய தசை ஒன்று உண்டு. குளிர் தெரிந்ததும் அது சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது. நிமிர்ந்த மயிர்களுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது. உண்மையில் குளிரைத் தடுப்பது மயிர் அல்ல, அசையாமல் நிற்கும் அந்தக் காற்றுதான். தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை மேலே வழிந்து, தூறல் விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. தினம் சோப்புப் போட்டுப் பளபளவென்று குளிப்பாட்டுபவர்கள் ஐப்பசியிலிருந்தாவது அதை நிறுத்தலாம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இந்த ஏற்பாடு முழுவதையும் குலைக்கக்கூடியது மழை. நம் குளிர்காலம் தொடங்குவதே வடகிழக்குப் பருவமழையோடுதானே. வங்காள விரிகுடாவில் ஒரு புயல் சின்னம் உருவானால் இங்கே இரண்டு மூன்று நாள் விடாமல் காற்றும் தூறலும். மயிர் நனைந்து படிந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை. 5 டிகிரியில் இருந்த அந்த எல்லை 15 டிகிரி வரைகூட ஏறிவிடும். காற்றும் சேர்ந்தால் இன்னும் மேலே. வேலூர்க் குதிரைக்கு மயிரே குட்டை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, ஒரு லிட்டர் ஈரம் ஆவியாகச் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை சும்மா நின்றாலே ஒரு நாளுக்கு 8,000 கிலோகலோரிக்குச் சற்று மேல் தேவைப்படும். நனைந்த மயிரைக் காய வைக்கவே அதில் ஒரு பங்கு போய்விடும். காய்ந்த குதிரை 18 டிகிரியில் அசையாமல் நிற்கும். அதே குதிரை நனைந்து, காற்றில் கட்டிக் கிடந்தால் 20 டிகிரியிலும் நடுங்கலாம்.

வியர்வையும் ஈரம்தான். கார்த்திகை முகூர்த்தத்தில் பேண்டு சத்தம், வெடி, ஜெனரேட்டர் விளக்கு என்று மிரண்டு வியர்த்த குதிரையை, நடுராத்திரி திறந்த குட்டியானை வண்டியில் ஏற்றி நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மழையில் நனைவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கால் மணி நேரம் மெதுவாக நடத்தி, வைக்கோலைச் சுருட்டி மயிர் காயும் வரை தேய்த்துவிட்டு ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆகவே நல்ல ஏற்பாடு என்பது ஒழுகாத கூரையும், வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கம் ஒரு தடுப்பும், தண்ணீர் நிற்காத மேடான தரையும்தான். நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடிவிடாதீர்கள். சிறுநீரின் அம்மோனியா உள்ளேயே சுற்றி நுரையீரலைக் கெடுக்கும்.

இப்போது வயிறு. குதிரை மாட்டைப் போல அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை சிறியது. ஆனால் சிறுகுடலைத் தாண்டினால், பெருங்குடலும் அதன் தொடக்கத்தில் இருக்கும் பெரிய பையும் சேர்ந்து நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வைக்கோல், புல்லின் நாரை உடைத்துப் புளிக்க வைக்கின்றன. அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் குதிரைக்கு உணவு, கூடவே வெளிவரும் வெப்பம் குளிர்காய. மார்கழிக் காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்குமே, அதே வேலைதான் குதிரையின் வயிற்றுக்குள்ளும் ராத்திரி பகலாக நடக்கிறது.

கொள்ளு சூடு என்பது நம் பாட்டி காலத்து நம்பிக்கை. கொள்ளில் சூடே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதில் புரதம் அதிகம், புரதம் செரிக்கும்போது உடம்பு சூடாகும். வேக வைத்துக் கொடுப்பதும் சரியே. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. ஆனால் தானியமும் பயறும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே சில மணி நேரத்தில் செரித்து முடிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல், குளிர் இறங்கும் நேரத்தில், எரிந்துகொண்டிருப்பது நார்தான். அளவுக்கு மீறித் தானியம் போட்டால் ஸ்டார்ச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அமிலம் கூடி, நுண்ணுயிரிகள் செத்து, குளம்புக்குள் வீக்கம் வரை கொண்டுபோய்விடும். மட்டக்குதிரைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை காய்ந்த தீனி தேவை. 250 கிலோ மட்டக்குதிரைக்கு நாலைந்து கிலோ. அதில் பெரும்பங்கைச் சாயங்காலம் போடுவது குளிர்காலத்துக்குப் பொருத்தம். வெறும் வைக்கோல் சத்துக் குறைவு, செரிக்கவும் தாமதம். காய்ந்த புல்லும் கடலைக்கொடியும் கலக்கலாம். நம் பக்கத்தில் கடலைக்கொடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழையில் நனைந்த கொடியில் பூஞ்சை பிடிக்கும், வேரில் மண் ஒட்டியிருக்கும். உதறி, முகர்ந்து பார்த்துப் போடுங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தொடவே வேண்டாம், அது குதிரையின் மூளையையே அழிக்கும்.

நார் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். குளிரில் குதிரைக்குத் தாகம் குறைகிறது, சில்லிட்ட தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிவிடும். உள்ளே காய்ந்த நார் தண்ணீரில்லாமல் இறுகி அடைத்துக்கொண்டால், கால்நடை மருத்துவர்கள் கோலிக் என்று சொல்லும் வயிற்றுவலி. குதிரைக்கு உயிர் போகக்கூடிய வலி அது. லத்தி சிறிதாக, காய்ந்து, உருண்டையாக விழுந்தால் அது முதல் எச்சரிக்கை. இதற்கு நம்மிடம் சுலபமான மருந்து இருக்கிறது. நிலத்தடி நீரின் வெப்பம் வருஷம் முழுக்க அதிகம் மாறாது, அதனால் விடியற்காலையில் போர்வெல் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். அந்த நேரத்தில் தொட்டியை மாற்றி நிரப்பினால் குதிரை நன்றாகவே குடிக்கும். தீனியோடு 10, 15 கிராம் கல்லுப்புச் சேர்த்தால் தாகமும் எடுக்கும்.

போர்வை யாருக்கு வேண்டும்? பிறந்து சில வாரமே ஆன குட்டி, எலும்பு தெரியும் குதிரை, நோய்ப்பட்டது, பல் தேய்ந்து வைக்கோலை மெல்ல முடியாத கிழம், மயிரைக் கத்தரித்துவிட்ட குதிரை. இவற்றுக்குக்கூட உடம்பு காய்ந்த பிறகே போர்த்த வேண்டும். ஈர மயிர் மேல் கோணியைப் போட்டால் மயிர் படிந்து காற்று வெளியேறிவிடும், அடியில் பாக்டீரியா பெருகிப் பொருக்குப் பொருக்காகச் சொறி வரும். பிளாஸ்டிக் தார்ப்பாய் இன்னும் மோசம். குளிர்கிறதா என்று தெரிய நடுக்கத்தைப் பாருங்கள், காதின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். உடம்பு இளைத்ததா என்பதை மட்டும் கண்ணால் முடிவு செய்யாதீர்கள், மயிர் மறைத்துவிடும். விலா எலும்பின் மேல் கையை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

டிசம்பர் 21க்குப் பிறகு பகல் நீளத் தொடங்கும், புரோலாக்டின் ஏறும். தை, மாசியில் தேய்க்கும்போது பிரஷ் நிறைய மயிர் வரும். பங்குனி வெயில் வந்தும் மயிர் கொட்டாமல், நீளமாகச் சுருண்டு நிற்கும் கிழட்டுக் குதிரையைப் பார்த்தால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயதான குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரி கோளாறின் முக்கிய அடையாளம் அதுதான். தினசரி மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், விட்டுவிட்டால் குளம்பு வீக்கத்தில் போய் நிற்கும்.