தாமதமாகும் விமானமும் தவறவிருந்த விசா கெடுவும்

கருங்கலுக்கு அருகே வசிக்கும் என் சித்தி ஒருவர் அண்மையில் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய இளைய மகனுக்குத் துபாயில் வேலை உறுதியாகி, திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட்டும் போட்டாகியிருந்தது. "மக்களே, அவன் போற விமானத்துல எஞ்சினைப் பிடிச்சிருக்குற தண்டு ஒடிஞ்சு போச்சாமே? ஏழு வருசமா அவங்களால சரி பண்ண முடியலியாமே? குரூப்புல வந்துச்சு" என்றார். நான் விளக்கத் தொடங்கும் முன்பே, டிக்கெட்டை மாலையிலேயே ரத்து செய்துவிட்டதாகவும் சொன்னார். கட்டணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நுழைவு அனுமதியின் கெடு முடிய நான்கு நாள்களே இருந்தன.

விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி வருகிறேன். தக்கலையில் வீடு, திருவனந்தபுரத்தில் பணி. இப்படியொரு அழைப்பு எனக்கு வருவது இது முதல்முறை அல்ல. ஒவ்வொரு முறையும் ஒருவருக்குத் தனியாகச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குடும்பம் பணத்தை இழந்துவிடுகிறது என்பதால் இம்முறை எழுதிவிடுகிறேன்.

முதலில் சித்தியின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அவர் கேட்ட செய்தி பொய்யன்று. போயிங் நிறுவனத்தின் 777-9 என்னும் புதிய விமானத்தில், எஞ்சினின் உந்துவிசையை இறக்கைக்குக் கடத்தும் இணைப்புத் தண்டு ஒன்று முறிந்திருந்தது 2024 ஆகஸ்டில் கண்டறியப்பட்டது. சோதனைப் பறப்பு முடித்துத் திரும்பிய விமானத்தைப் பரிசோதித்தபோது அது தெரியவந்தது. மற்றச் சோதனை விமானங்களைப் பார்த்தபோது அதே பாகத்தில் விரிசல்கள் இருந்தன. ஒவ்வோர் எஞ்சினுக்கும் இத்தகைய தண்டுகள் இரண்டு உண்டு. ஒன்று போனால் மற்றொன்று தாங்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கிறார்கள். இருந்தும் சோதனைப் பறப்புகள் நிறுத்தப்பட்டு, 2025 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கின. 2013இல் அறிவிக்கப்பட்டு, 2020இல் ஒப்படைக்கப்படுவதாக இருந்த அந்த விமானத்தின் முதல் ஒப்படைப்பு இப்போது 2027 என்று தள்ளிப்போயிருக்கிறது. ஏழு வருடக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் தம்பி ஏறவிருந்தது 777-300ஈஆர். அது 2004 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் வேறு மாதிரி. எஞ்சின் வேறு, இறக்கை வேறு. 777-9 விமானத்தில் டிக்கெட் எடுத்து ஏறிய பயணி என்று இன்றுவரை ஒருவர்கூட இல்லை. சோதனையில் இருக்கும் விமானத்தில் எவரும் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. சான்றிதழ் வந்த பிறகே ஏற்ற முடியும். ஒரே எண்ணில் தொடங்கும் பெயரைப் பார்த்துவிட்டு, இன்னும் பிறக்காத பிள்ளையின் நோய்க்கு அண்ணனுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

இதைவிட என்னை வருத்துவது இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. "தாமதமாகிறது என்றால் அது மோசமான விமானம்" என்று படித்தவர்களும் சொல்கிறார்கள், என்னோடு பள்ளியில் படித்த பொறியாளர்களும் சொல்கிறார்கள். இதை நான் சற்று நீட்டியே சொல்லியாக வேண்டும்.

புதிய விமானத்தின் சோதனைக் கட்டம் என்பது அதை ஊருக்குக் காட்டும் ஒத்திகை அன்று. அதை உடைத்துப் பார்ப்பதற்காகவே பல ஆண்டுகள் ஒதுக்கப்படுகின்றன. விமானம் தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய உச்சச் சுமையைக் கணக்கிட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கு சுமையை மூன்று விநாடியாவது முறியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதற்காக முழு விமானம் ஒன்றைக் கொட்டகைக்குள் இரும்புச் சட்டத்தில் பூட்டி, இறக்கைகளை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே போவார்கள். முதல் 777இன் இறக்கை 1995இல் 1.54 மடங்கில்தான் முறிந்தது. ஏர்பஸ் ஏ380இன் இறக்கையோ 2006 பிப்ரவரியில் 1.45 மடங்கிலேயே முறிந்துவிட்டது, இறக்கையை வலுப்படுத்தினார்கள். 777-9இன் உடற்பகுதி 2019 செப்டம்பரில், எட்ட வேண்டிய சுமையின் 99 சதவீதம் வந்தபோது கிழிந்தது. ஒரு சதவீதம்தானே என்று எவரும் விட்டுவிடவில்லை. எந்தப் பயணியும் எந்தப் புயலிலும் சந்திக்கப்போகாத சுமை அது. அதில் ஒரு சதவீதம் குறைந்ததற்கும் காரணம் கண்டு திருத்தியாக வேண்டும்.

இந்தத் திருத்தங்கள் நாள்காட்டியைத் தின்னும். ஒரு பாகத்தை மாற்றினால் அதன் எடை மாறும். எடை மாறினால் பக்கத்துப் பாகத்தின் கணக்கு மாறும். அந்தக் கணக்கை மறுபடி சோதித்து, அதற்கான ஆவணங்களை மறுபடி எழுதி, ஒழுங்குமுறை அமைப்பின் முன் மறுபடி வைக்க வேண்டும். வெளியில் இருப்பவருக்கு இது "இன்னும் ஒன்பது மாதம் தாமதம்" என்ற ஒற்றை வரிச் செய்தியாக வந்து சேர்கிறது.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாமல் போவதுதான் எனக்கு வியப்பு. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களை ஓடவிட்டுச் சோதிக்கும் வேலைக்கு நாகர்கோவிலிலிருந்து நாள்தோறும் போய்வருபவர்கள் எத்தனை பேர்! சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் இஸ்ரோவின் தலைவராக இருந்தபோது, 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 புறப்பட ஒரு மணி நேரம்கூட இல்லாத நிலையில் எண்ணிக்கையை நிறுத்தினார்கள். கோளாறைச் சரிசெய்து ஜூலை 22 அன்று ஏவினார்கள். அதற்கு முன் 2013 ஆகஸ்டில், இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிந்ததால் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை நிறுத்தி, 2014 ஜனவரி 5 அன்று வெற்றியுடன் அனுப்பினார்கள். அப்போது நாம் எல்லோரும் அந்த நிதானத்தைப் பாராட்டினோம். அதே அளவுகோலைப் பயணிகள் விமானத்துக்கும் வையுங்கள்.

இதற்கு நேரெதிரான கதை போயிங்கின் 737 மேக்ஸ். போட்டி நிறுவனத்தின் புதிய விமானத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில் 2011இல் அறிவிக்கப்பட்டு, முதலில் சொன்ன காலத்துக்கு முன்பே, 2017 மே மாதத்தில் ஒப்படைக்கப்பட்டது. தாமதமே இல்லை. விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் ஒரு மென்பொருள், ஒரேயோர் உணர்கருவி சொல்வதை நம்பிச் செயல்படும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி விமானிகளின் கையேட்டில் சொல்லவும் இல்லை. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேர் விபத்துகளில் மாண்டார்கள். அந்த இரண்டு விசாரணை அறிக்கைகளையும் படித்தபோது, ஓராண்டு தாமதமாகியிருக்கக் கூடாதா என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. அஞ்ச வேண்டியது எதற்கு என்று என்னைக் கேட்டால், அவசரத்துக்கு என்பேன்.

தாமதமானதெல்லாம் நல்லது என்று சொல்லிவிடவும் மாட்டேன். போயிங்கின் 787ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2007 ஜூலை 8 அன்று பெரும் விழா எடுத்து அதை வெளியே இழுத்துக் காட்டினார்கள். உள்ளே பாதி வேலைகூட முடிந்திருக்கவில்லை, பல இடங்களில் தற்காலிகத் திருகாணிகளே போடப்பட்டிருந்தன. பல நாடுகளில் பிரித்துக் கொடுத்த வேலைகள் வந்து பொருந்தவில்லை. இறக்கை உடலோடு சேரும் இடத்தை வலுப்படுத்த வேண்டியிருந்தது. முதல் பறப்பு 2009 டிசம்பர் 15 அன்றுதான் நடந்தது. 2008இல் போக வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில் ஜப்பானுக்குப் போனது. மூன்றாண்டுத் தாமதத்துக்குப் பிறகும், 2013 ஜனவரியில் இரண்டு விமானங்களின் லித்தியம் பேட்டரிகள் புகைந்து, உலகம் முழுவதும் சேவையில் இருந்த 50 விமானங்களும் தரையில் நின்றன. சோதனைகள் அதைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டன. தாமதத்தில் எத்தனை நாள் சோதனைக்குப் போனது, எத்தனை நாள் நிர்வாகக் குழப்பத்துக்குப் போனது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஏ380இன் தாமதம் பெரும்பாலும் இரண்டாம் வகை: ஜெர்மனியில் ஒரு பதிப்பிலும் பிரான்சில் வேறொரு பதிப்பிலும் வரைபட மென்பொருளைப் பயன்படுத்தியதால், ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளும் மின்கம்பிகள் பொருத்தும்போது எட்டாமல் நின்றன.

787 பற்றிப் பேசும்போது முட்டத்தில் கண்டதைச் சொல்ல வேண்டும். கடற்கரையில் பைபர் வள்ளங்களைப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பாறையில் மோதிய வள்ளம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். வெளியே நகக்கீறல் அளவுக்குத்தான் அடையாளம் தெரிந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, கீறலைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒன்றாகத் தட்டிக்கொண்டே போனார். 'டிங், டிங்' என்று கணீரென ஒலித்துக்கொண்டு வந்த ஓசை, ஓரிடத்தில் 'டொக்' என்று அமுங்கியது. அந்த இடத்தைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தார். கோடு முடிந்தபோது என் உள்ளங்கையைவிடப் பெரிய வட்டம். 'மேட்' எனப்படும் இழை விரிப்பும் அதை ஒட்டும் ரெசின் பசையும் உள்ளே அந்த அளவுக்கு ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன. நாங்கள் விமானத்தில் செய்வதும் அதுவேதான். நாணயத்துக்குப் பதில் சிறு சுத்தியல், ஐயம் வந்தால் மீயொலிக் கருவி. 787இன் எடையில் ஏறத்தாழ பாதி இத்தகைய கார்பன் இழைப் பொருளால் ஆனது. அலுமினியம் அடிபட்டால் நெளிந்து காட்டிவிடும். இது வெளியே முகம் மாறாமல் உள்ளே பிரிந்திருக்கும். அதனால்தான், உடற்பகுதிகள் இணையும் இடத்தில் ஒரு தாளின் தடிமன் அளவிலான இடைவெளி வரம்பை மீறியதற்காக 787 ஒப்படைப்பை 2021இலும் 2022இலும் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். பறந்துகொண்டிருந்த விமானங்களுக்கு அதனால் உடனடி ஆபத்து இல்லை என்றும் சொன்னார்கள். இடைவெளியை நிரப்பிவிட்டே மீண்டும் கொடுத்தார்கள்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு 787 என்றாலே பலர் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கம் எனக்கும் புரியும். அந்த விபத்துக்கும் உருவாக்கக் காலத் தாமதங்களுக்கும் முடிச்சுப் போட்டு வரும் குரல் பதிவுகளை மட்டும் நம்பாதீர்கள். முதற்கட்ட விசாரணை அறிக்கை அப்படி எதையும் சொல்லவில்லை.

தாமதத்தால் நமக்கு உண்மையில் ஏற்படும் இழப்பு வேறு. புதிய விமானம் வராததால் விமான நிறுவனங்கள் பழையவற்றைக் கூடுதல் காலம் ஓட்டுகின்றன, இருக்கைகள் குறைகின்றன, ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வரும் பிள்ளைகள் கூடுதல் கட்டணம் கொடுக்கிறார்கள்.

இன்னோர் இழப்பு, கடன் வாங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தன. அந்த எண்களைத் துண்டறிக்கையில் அச்சிட்டு, "படிப்பு முடியும்போது விமானம் வரும், வேலை நிச்சயம்" என்று மார்த்தாண்டம் வரை வந்து விமானப் பராமரிப்புப் படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கிறார்கள். ஆர்டர் என்பது பத்து ஆண்டுகளுக்கும் மேல் நீளும் வரிசை. அதில் எந்தத் தேதியும் உறுதியன்று. தயவுசெய்து, நிலத்தை அடகு வைக்கும் முன் அந்தப் பயிற்சி நிறுவனம், பராமரிப்புப் பயிற்சிக்கான சி.ஏ.ஆர். 147 விதியின்கீழ், இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரம் பெற்றதா என்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் பாருங்கள். படிப்பை முடித்ததற்கான சான்றிதழும் பராமரிப்பு உரிமமும் ஒன்றல்ல. உரிமத்துக்குத் தேர்வுகளும் விமானத்தில் வேலை செய்த அனுபவமும் தனியே வேண்டும். இதைச் சேர்க்கைக்கு முன் உங்களிடம் சொல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

பயணம் செய்பவர்களுக்கு: டிக்கெட்டிலோ நிறுவனத்தின் செயலியிலோ விமானத்தின் மாதிரி எழுதியிருக்கும். 77டபிள்யூ என்றிருந்தால் அது 777-300ஈஆர். செய்தியில் வரும் மாதிரியும் உங்கள் டிக்கெட்டில் உள்ள மாதிரியும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் டிக்கெட் போட்ட ஏஜென்டைக் கேளுங்கள், அதைச் சொல்வது அவருடைய கடமை. சேவையில் இருக்கும் ஒரு மாதிரி ஆபத்தானது என்று ஐயம் எழுந்தால் அதைத் தரையிறக்கும் அதிகாரம் டி.ஜி.சி.ஏ.விடம் இருக்கிறது, 2019 மார்ச் 12 அன்று மேக்ஸ் விமானங்களை அப்படி நிறுத்த உத்தரவிட்டது. அப்படி நடந்தால் விமான நிறுவனமே மாற்று விமானம் தரும், அல்லது பணத்தைத் திருப்பித் தரும். நீங்களே முந்திக்கொண்டு ரத்து செய்தால் இழப்பு உங்களுடையது. மனம் ஒப்பவே இல்லை என்றால், ரத்து செய்யாமல் தேதி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் செலவு குறைவு. யார் பேசுகிறார், எந்த விமானம், எந்த ஆண்டு என்று இல்லாத குரல் பதிவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அதைக் கேட்டு நடுங்குவது, பிள்ளையை முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தாய்.

தம்பி கெடு முடிவதற்கு முந்தைய நாள், கூடுதல் கட்டணத்தில், திருவனந்தபுரத்திலிருந்தே புறப்பட்டான். இருக்கையில் அமர்ந்ததும், முன்பையில் இருந்த பாதுகாப்பு அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். 777-300ஈஆர் என்று போட்டிருந்தது. அந்தப் படத்தைக் குரல் பதிவு வந்த அதே குரூப்பில் போடும்படி சித்தியிடம் சொன்னேன், போட்டிருக்கிறார்.