வானத்தைப் படமெடுக்கக் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

பொங்கலுக்குப் பிறகு, வானத்தைப் படமெடுக்கும் கேமரா பழுது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் இவர் நான்காவது ஆள். நன்னிலம் பக்கம் ஊர். மூன்று ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணத்தில், குளிரூட்டி வைத்த 26 மெகாபிக்சல் கேமரா வாங்கியிருந்தார். அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, கும்பகோணம் பஸ்ஸில் மடியிலேயே தாங்கிக்கொண்டு வந்திருந்தார். "சார், கேமரா பழுது. நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக விழுகிறது" என்றார்.

சோதித்தேன். கேமரா நன்றாகவே வேலை செய்தது. எந்த டெலஸ்கோப்பில், எந்த மவுண்ட்டில் (டெலஸ்கோப்பைத் தாங்கி, வானத்தோடு சேர்த்துத் திருப்பும் பீடம்) மாட்டப் போகிறீர்கள் என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவர் பஸ் ஏறியிருக்கவே வேண்டாம். இவரிடம் இருப்பது 2,000 மி.மீ. குவியத் தூரமுள்ள (இது கூடக் கூடப் படம் பெரிதாக விழும்) 8 அங்குல டெலஸ்கோப். அதன் எடையைத் தாங்கவே திணறும் சிறிய மவுண்ட். இத்தனைக்கும் பிறகு, "கைடிங்குக்கும் 20 மெகாபிக்சலில் ஒன்று வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். (கைடிங் என்றால், படம் எடுக்கும்போது இன்னொரு கேமராவால் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருப்பது.) இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியால் வந்தது.

மெகாபிக்சல் கூடினால் படம் தெளிவாகும் என்ற எண்ணத்தை எத்தனை முறை மறுத்தாலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. கடைமடை ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். ஒரு மடையில் வரும் தண்ணீர் ஓர் அளவுதான். அதை நான்கு பாத்திக்கு விட்டால் நான்கும் நனையும். நூறு பாத்திக்குப் பிரித்தால் ஒவ்வொரு பாத்தியும் உறிஞ்சியது போக எதிலும் தண்ணீர் நிற்காது. டெலஸ்கோப்பின் வாய் அகலம்தான் மடை. பிக்சல்கள் பாத்திகள். ஒவ்வொரு பிக்சலும் படிக்கப்படும்போது தன் பங்குக்கு இரைச்சலை, அதாவது படத்தில் புள்ளி புள்ளியான கலக்கத்தை, சேர்க்கிறது. மங்கலான ஒரு நெபுலாவின் (வானில் பரந்து கிடக்கும் வாயு மேகம்) ஒளியைத் தேவைக்கு மேல் பொடியாக நறுக்கினால் மிஞ்சுவது அந்த இரைச்சல்தான்.

எவ்வளவு நறுக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிக்சலின் அகலத்தை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தின் மில்லிமீட்டரால் வகுங்கள். ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க் செகண்டைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட். முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 1,800 ஆர்க் செகண்ட்.) நன்னிலத்துக்காரரின் கேமராவில் பிக்சல் 3.76 மைக்ரான். 2,000 மி.மீ.யில் அது 0.39 ஆர்க் செகண்ட். வயல் ஈரம் மேலெழும் நம் ஊர்க் காற்றில், என் மாடியில் எடுக்கும் படங்களில் ஒரு நட்சத்திரம் பெரும்பாலும் 3 ஆர்க் செகண்ட் அகலத்துக்குக் கலங்கித்தான் விழுகிறது. அதாவது எட்டு பிக்சலுக்குக் குறுக்கே ஒரே நட்சத்திரம். காற்று ஏற்கெனவே அழித்துவிட்ட நுணுக்கத்தை எந்தக் கேமராவாலும் மீட்க முடியாது. இதே கேமராவை 500 மி.மீ. டெலஸ்கோப்பில் மாட்டினால் 1.55. இரண்டு பிக்சலில் நட்சத்திரம் அடங்கும். நெபுலாவுக்கு அதுதான் பொருத்தம்.

கோள்களுக்குக் கணக்கு வேறு. அங்கே நீண்ட குவியத் தூரமும் சிறிய பிக்சலும் வேண்டும், ஆனால் வேகமாக வீடியோ எடுத்து, காற்று அடங்கிய நொடிகளின் படங்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடுவதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அதன் பட்டைகள் நகர்ந்துவிடும். மெகாபிக்சல் இங்கேயும் உதவாது. அந்த 26 மெகாபிக்சல் சட்டகத்தின் 6,200 பிக்சல் அகலத்தில், மிகப் பெரிதாகத் தெரியும் வியாழன்கூட 130 பிக்சலைத்தான் நிரப்பும். மீதியெல்லாம் கறுப்பு வானம்.

இனி கைடிங். கைடு கேமரா அழகான படம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று மவுண்ட்டுக்குச் சொன்னால் போதும். நட்சத்திரத்தின் மையத்தை மென்பொருள் ஒரு பிக்சலின் பத்தில் ஒரு பங்கு வரை கணித்துவிடும். ஆகவே 120 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறு கைடு ஸ்கோப்பில் (பெரிய டெலஸ்கோப்போடு பொருத்தும் குட்டி டெலஸ்கோப்) 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள 2 மெகாபிக்சல் கேமராவே தாராளம். கறுப்பு வெள்ளையாக வாங்குங்கள். வண்ணம் வேண்டாம். 2,000 மி.மீ. டெலஸ்கோப்பிலேயே நெபுலா எடுப்பேன் என்று அடம்பிடித்தால், கைடு ஸ்கோப்பை விட்டுவிட்டு, பிரதான ஒளியிலிருந்தே ஓரத்தில் சிறிது பிரித்தெடுக்கும் ஆஃப் ஆக்ஸிஸ் கைடர் போடுங்கள். கைடு ஸ்கோப்பின் திருகு இம்மியளவு தளர்ந்தாலும் அந்தக் குவியத் தூரத்தில் நட்சத்திரம் முட்டை வடிவமாகிவிடும்.

கைடிங்கால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. நன்னிலத்துக்காரர் வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். முக்காலியின் ஒரு கால் வண்டல் மண்ணில் விரல்கடை அளவு இறங்கியிருந்தது. என் கைடு கேமராவை மாட்டிப் பார்த்தால், நட்சத்திரத்தின் நகர்வைக் காட்டும் கைடிங் கோடு கணினித் திரையில் ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. மூன்று காலுக்கும் கீழே செங்கல் அல்லது கடப்பைக் கல் வையுங்கள், ஐயா. செலவே இல்லாத வேலை இது.

மவுண்ட்டின் சுழல் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அது இன்னொரு சங்கடம். தஞ்சாவூர் 10.8 பாகை அட்சரேகையில் இருப்பதால் அந்த நட்சத்திரமும் அடிவானத்துக்கு 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தென்னைக்குப் பின்னால், புழுதிக்கும் வைக்கோல் புகைக்கும் நடுவே. அது தெரியவில்லை என்று குத்துமதிப்பாக வடக்கே திருப்பி வைக்காதீர்கள். பிஎச்டி2 என்ற இலவச மென்பொருளில் டிரிஃப்ட் முறையில், அதாவது நட்சத்திரம் மெல்ல விலகுவதைப் பார்த்துப் பார்த்து, துருவ அச்சைச் சரிசெய்யலாம். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள்.

குளிரூட்டும் கேமரா வைத்திருப்பவர்கள் சித்திரை இரவில் மைனஸ் 20 என்று அமைத்துவிட்டு, எட்டவில்லை என்கிறார்கள். வெளியே 30 இருந்தால் எப்படி எட்டும்? பூஜ்யம் போதும். எல்லா இரவும் அதே அளவில் வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் பனிநீர் படியாமல் லென்ஸுக்கு ஹீட்டர் பட்டை கட்டுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நண்பர்களே, உப்புக் காற்று உங்கள் யுஎஸ்பி முனைகளைப் பச்சைக் களிம்பாக்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள். சூரியனைப் படமெடுப்பதானால் டெலஸ்கோப்பின் முன்வாயில் அதற்குரிய வடிகட்டி இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். சென்சார் கருகும். கண் என்றால் பார்வையே போய்விடும்.

கையில் பணம் குறைவென்றால் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் விற்கும் பழைய டிஎஸ்எல்ஆரில் தொடங்கலாம். 656 நானோமீட்டர் சிவப்பை அதன் வடிகட்டி பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் சிவப்பு நெபுலாக்கள் மங்கலாகத்தான் வரும். நிலவுக்கும் நட்சத்திரக் கொத்துகளுக்கும் குறையில்லை. மிச்சப் பணத்தை மவுண்ட்டில் போடுங்கள்.

நன்னிலத்துக்காரருக்கு என்னிடமிருந்த 480 மி.மீ. சிறு டெலஸ்கோப்பை இரவல் கொடுத்தேன். அதே மவுண்ட், அதே கேமரா, காலுக்கடியில் மூன்று செங்கல். சித்திரை நள்ளிரவில் தெற்கே 32 பாகை உயரத்தில், இரண்டு தென்னைகளுக்கு இடையே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வந்து நின்றது. மூன்று நிமிடப் படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பார்த்தார். எல்லா மூலையிலும் நட்சத்திரம் வட்டமாகவே இருந்தது. 20 மெகாபிக்சல் கைடு கேமரா ஆசையை விட்டுவிட்டார். கறுப்பு வெள்ளையில் 2 மெகாபிக்சல் ஒன்றை வாங்கி, கைடிங்குக்கும், அந்த 8 அங்குல டெலஸ்கோப்பில் வியாழனுக்கும் அதையே மாற்றி மாற்றி மாட்டிக்கொள்கிறார்.