லேப்பில் பிள்ளைகளின் திரையைப் பார்க்கிறோம்: எதற்காக, எதுவரை?

ஆசிரியர் மேசையில் உட்கார்ந்தபடியே லேப்பில் உள்ள எல்லா சிஸ்டத்தின் திரையையும் பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும் என்று கேட்டு வரும் பள்ளிகள் இப்போது அதிகம். நான் கணினிப் பயிற்றுநர். பாடம் எடுப்பதோடு அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு லேப் அமைத்துக் கொடுக்கவும் போய்வருகிறேன். கேட்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "பசங்க கேம் ஆடுறாங்க சார், யூடியூப் பார்க்கிறாங்க. கையும் களவுமா பிடிக்கணும்." பிடிக்கலாம்தான். ஆனால் அதற்காக மட்டும் போட்டால் இதன் உண்மையான பயன் கைக்கு வராமலே போய்விடும். கவனக்குறைவாகப் போட்டால் பிள்ளைகளுக்கே ஆபத்தாகவும் முடியும். இந்த இரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அதிகம் போட்டுக்கொடுப்பது வேயான். ஜெர்மனியில் உருவான கட்டற்ற மென்பொருள். முன்பு ஐடால்க் என்ற பெயரில் இருந்தது, 2017-இல் வேயான் ஆனது. காசு கிடையாது. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். முழுக்க லினக்ஸ் லேப் என்றால் எபோப்டெஸ் என்று இன்னொன்று இருக்கிறது. நெட்சப்போர்ட் ஸ்கூல், லேன்ஸ்கூல் போன்றவை காசு கொடுத்து வாங்குபவை. எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றே. மாணவர் சிஸ்டத்தில் ஒரு சர்வீஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் சிஸ்டத்தில் உள்ள மாஸ்டர், லேப் நெட்வொர்க் வழியாக அந்த சர்வீஸைத் தொடர்புகொண்டு திரையின் படத்தை வாங்கிக் காட்டும். பார்ப்பதோடு நிற்பதில்லை. திரையைப் பூட்டலாம், ஆசிரியரின் திரையை எல்லோருக்கும் காட்டலாம், மாணவரின் மவுஸையும் கீபோர்டையும் நாமே பிடித்துக்கொள்ளலாம், செய்தி அனுப்பலாம், சிஸ்டத்தை ஆன் செய்யலாம், அணைக்கலாம். அதாவது மாஸ்டர் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் லேப் முழுவதும் இருக்கிறது.

பயனை முதலில் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான் ப்ராக்டிகல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி, குறைந்தால் இல்லை என்று காட்டும் சின்ன நிரல். மாஸ்டரில் இருபது திரைகளும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிகின்றன. புதிதாகப் பார்க்கும் ஆசிரியரின் கண் நேராக வண்ணம் மாறும் கட்டத்துக்குப் போகும், அங்கேதான் வீடியோவோ கேமோ ஓடும் என்று. நான் முதலில் தேடுவது அசையாத கட்டத்தை. பத்து நிமிடமாக ஒரு திரை அப்படியே நிற்கிறது என்றால் அந்தப் பிள்ளை எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது. அடித்த வரியை உடனுக்குடன் இயக்கிக் காட்டும் ஷெல் ஜன்னலிலேயே நிரலை வரிவரியாக அடித்துவிட்டு, புது ஃபைல் திறக்க வேண்டும் என்று தெரியாமல் திகைத்துக்கொண்டிருக்கும். கை தூக்கிக் கேட்கவும் கேட்காது. குறிப்பாகத் தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்த உடனே தப்பு பண்ணிவிட்டோம் என்று பயந்து கையை எடுத்துவிடுவார்கள். லேப்பைச் சுற்றி நடக்கும்போது இவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. நாம் பக்கத்தில் போனாலே ஏதாவது அடிப்பது போலக் காட்டிக்கொள்வார்கள். கட்டமாகப் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

அடுத்தது, ஒரே பிழை பல திரைகளில் வருவது. இஃப் வரியின் கடைசியில் கோலன் (:) இல்லை, அல்லது அடுத்த வரியை உள்ளே தள்ளி எழுதவில்லை. ஒரு பிள்ளையிடம் என்றால் அது அந்தப் பிள்ளையின் கவனக்குறைவு. ஏழெட்டு கட்டங்களில் ஒரே சமயத்தில் அதே சிவப்பு எழுத்து தெரிந்தால், நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் ஏதோ போய்ச் சேரவில்லை. அப்போது ஒவ்வொரு சீட்டாக ஓடுவதில் அர்த்தமில்லை. "எல்லாரும் கீபோர்டுல இருந்து கையை எடுங்க" என்று சொல்லிவிட்டு, திரைகளைப் பூட்டி, என் திரையை எல்லோருக்கும் காட்டி அந்த ஒரு இடத்தை மட்டும் மறுபடி விளக்குவேன். பூட்டும்போது பிள்ளைகள் அடித்த எதுவும் அழியாது, திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல் திடீரென்று பூட்டாதீர்கள். பாதி வரி அடித்துக்கொண்டிருக்கும்போது திரை போய்விட்டால் நமக்கே எரிச்சல் வரும், பிள்ளைக்கு வராதா?

மவுஸைப் பிடித்துக்கொள்ளும் வசதியை நான் அநேகமாகத் தொடுவதில்லை. இங்கே உட்கார்ந்தபடி நாமே கோலனைப் போட்டுவிட்டால் நிரல் ஓடும், பிள்ளைக்கு எதுவும் ஏறாது. எழுந்து அந்த சீட்டுக்குப் போய், "எந்த வரியில தப்புன்னு சிஸ்டம் சொல்லுது, படிச்சுக் காட்டும்மா" என்று கேட்பதற்கு ஈடாக எந்த மென்பொருளும் இல்லை. நம் லேப்களில் பல இடங்களில் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு மூன்று பேர் உட்காருகிறார்கள். திரையில் நிரல் சரியாக வந்திருக்கும். அடித்தது ஒருவர்தான், மற்ற இருவரும் வேடிக்கை பார்த்திருப்பார்கள். கீபோர்டு யார் கையில் இருக்கிறது என்பதை மாஸ்டர் காட்டாது. ஆகவே இந்த மென்பொருள் ஆசிரியரை நாற்காலியில் உட்கார வைப்பதற்கானது இல்லை. எந்த சீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று அது சொல்லும், போக வேண்டியது நாம்தான்.

போடும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரு சிஸ்டத்தின் முழு நகலை (இமேஜ்) எடுத்து மற்ற சிஸ்டங்களிலும் அப்படியே போட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருக்கும். முதலில் பெயரை மாற்றுங்கள். மானிட்டர் மேல் ஒட்டும் எண்ணும் மாஸ்டரில் தெரியும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கட்டங்களை இழுத்து, லேப்பில் மேசைகள் இருக்கும் வரிசையிலேயே அடுக்கிக்கொள்ள வேயானில் வழி உண்டு. அதைச் செய்யாமல் விட்டால் பதினான்காம் சிஸ்டம் எங்கே என்று தேடுவதிலேயே பீரியட் போய்விடும். உபுண்டுவில் திரை வெறும் கறுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது திரையைக் காட்டும் புதிய முறையான வேலண்ட் காரணமாக வருவது. உபுண்டு 25.04 வரையிலான பதிப்புகளில், லாகின் பக்கத்தில் எக்ஸார்க் என்று இருக்கும் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து நுழைந்தால் சரியாகிவிடும். வைஃபை வழியாக இணைத்திருந்து எந்த சிஸ்டமும் தெரியவில்லை என்றால், ரூட்டரில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுக்கும் அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மணி அடித்ததும் மொத்தமாக ஷட் டவுன் கொடுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. சேமிக்காத நிரல் அத்தனையும் போய்விடும். மாணவர் சம்மதித்த பிறகு அணைக்கும் வசதியும் அதே மெனுவிலேயே இருக்கிறது.

இனி ஆபத்தைப் பற்றி. திரையைப் பார்க்கக் கேட்பது உண்மையிலேயே ஆசிரியர் சிஸ்டம்தானா என்று சரிபார்க்க, வேயானில் சாவிக்கோப்புகள் என்று இரண்டு உண்டு. ஒன்று பொதுச்சாவி, மாணவர் சிஸ்டங்களில் இருக்க வேண்டியது. இன்னொன்று தனிச்சாவி, ஆசிரியர் சிஸ்டத்தில் மட்டும் இருக்க வேண்டியது. நான் போய்ப் பார்த்த லேப்களில் அடிக்கடி காணும் தவறு, ஒரே பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, மாஸ்டரையும் தனிச்சாவியையும் மாணவர் சிஸ்டங்களிலும் சேர்த்தே இன்ஸ்டால் செய்துவிடுவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அன்றிலிருந்து கொஞ்சம் கெட்டிக்கார மாணவன் எவனும் பக்கத்து சீட்டுப் பெண்ணின் திரையைத் தன் சிஸ்டத்திலிருந்தே பார்க்க முடியும். இன்ஸ்டால் செய்யும்போது மாஸ்டர் வேண்டுமா என்று ஒரு டிக் கேட்கும். மாணவர் சிஸ்டத்தில் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். தனிச்சாவியை ஆசிரியரின் பயனர் கணக்கு மட்டுமே படிக்க முடியும்படி அனுமதி கொடுங்கள். மாணவர் கணக்கு அட்மினாக இருக்கவே கூடாது, இருந்தால் சர்வீஸை நிறுத்திவிடலாம். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அன்றே சாவியை மாற்றுங்கள்.

காசு கொடுத்து வாங்கிவிட்டால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நெட்டாப் விஷன் ப்ரோ என்று பல நாடுகளில் பள்ளிகள் பயன்படுத்தும் வணிக மென்பொருள் ஒன்றை மெக்காஃபி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சோதித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர் திரையின் படங்கள் உட்பட நெட்வொர்க்கில் போகும் தகவல் எதுவும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படவில்லை. அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர் ஆசிரியர் சிஸ்டம் போலவே நடித்து உள்ளே நுழையவும் வழி இருந்தது. நிறுவனம் புதிய பதிப்பில் முக்கியமான ஓட்டைகளை அடைத்தது. பதிப்பைப் புதுப்பிக்காமல் விட்ட லேப்புக்கு அதனால் என்ன பயன்? நம் ஊரில் லேப் மென்பொருளை ஒருமுறை போட்டால் சிஸ்டம் பழுதாகும்வரை அதே பதிப்புதான் ஓடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறையிலாவது புதுப்பித்துவிடுங்கள்.

ஓட்டை எதுவும் இல்லாமல், பள்ளியே வரம்பு மீறிய கதையும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. திருடு போனால் கண்டுபிடிக்க, தூரத்திலிருந்தே வெப்கேமை இயக்கிப் படம் எடுக்கும் வசதியை அதில் வைத்திருந்தது. பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ சொல்லவில்லை. வீட்டில் எடுக்கப்பட்ட படத்தைக் காட்டி ஒரு மாணவனைப் பள்ளியில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்து, 2010 பிப்ரவரியில் வழக்கானது. வெப்கேம் படங்களும் ஸ்கிரீன்ஷாட்களுமாக 50,000-க்கும் மேல் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து மாவட்டம் வழக்கை முடித்துக்கொண்டது. திருட்டைத் தடுக்க வைத்த வசதி பிள்ளையின் படுக்கையறைக்குள் போனதற்குக் காரணம், யார், எப்போது, எதற்காக இயக்கலாம் என்று தெளிவான விதி இல்லாததும், யாருக்கும் சொல்லாததும்தான்.

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அதன் 9-ஆவது பிரிவு குழந்தைகளைப் பின்தொடர்வதையும் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகளில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் கல்விப் பணிக்கும், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மட்டும்தான். பாடவேளையில் லேப் திரையைப் பார்ப்பது இதில் அடங்கும் என்பது என் புரிதல். அதைத் தாண்டிப் போகும் எதற்கும் பள்ளி பதில் சொல்ல வேண்டி வரும்.

தாண்டிப் போவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். ஒரு பள்ளியில் நிர்வாகியின் அறையிலும் ஒரு மாஸ்டர் போட்டுத் தரச் சொன்னார்கள், நாள் முழுக்க லேப்பையும் ஆசிரியர் அறை சிஸ்டங்களையும் பார்க்க. நான் மறுத்துவிட்டேன். பாடம் எடுக்காதவர் பிள்ளையின் திரையைப் பார்ப்பதில் கல்விப் பணி எதுவும் இல்லை.

இன்னொன்று பலரும் யோசிக்காதது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் பள்ளி லேப்பில்தான் நடக்கிறது. வீட்டில் சிஸ்டம் இல்லாத பிள்ளைக்கு வேறு வழி ஏது? அந்தத் திரையில் ஆதார் எண், சாதிச் சான்றிதழ், அப்பாவின் வருமானம், வங்கிக் கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் வரும். மாஸ்டர் திறந்திருந்தால் அத்தனையும் ஆசிரியர் மேசைக்கு வந்துவிடும், ப்ரொஜெக்டர் இணைப்பில் இருந்தால் சுவரிலேயே தெரியும். விண்ணப்ப வேலை நடக்கும் நேரத்தில் மாஸ்டரை மூடிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமிக்கும் வசதியையும் அப்படியே. மாணவரின் திரையைப் படமெடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன், தப்பு செய்த பிள்ளை என்று. அந்தப் பிள்ளையை அழைத்துத் தனியாகப் பேசினால் போதும். படம் ஒருமுறை வெளியே போனால் திரும்பப் பிடிக்க முடியாது. ஒரு மாணவரின் நல்ல நிரலை எல்லோருக்கும் காட்டுவதாக இருந்தால்கூட, "உன்னோடதைக் காட்டட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காட்டுங்கள்.

என் லேப்பில் ஜூன் மாதம் முதல் வகுப்பிலேயே மாஸ்டரை ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டிவிடுவேன். "உங்க திரை எனக்கு இப்படித்தான் தெரியும். பாட நேரத்துல மட்டும் பார்ப்பேன். படம் எடுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லி, அதையே ஒரு தாளில் எழுதி லேப் கதவிலும் ஒட்டிவிடுவேன். பெற்றோர் கூட்டத்திலும் சொல்வேன். தெரிந்துவிட்டால் பிள்ளைகள் ஜாக்கிரதையாகிவிடுவார்களே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஆகட்டுமே, கேம் ஆடாமல் இருந்தால் நல்லதுதானே. அதைவிட முக்கியமாக, கேட்கத் தயங்கும் பிள்ளைகள் கொஞ்ச நாளில் இதையே பயன்படுத்தத் தொடங்குகிறார்கள். நிரல் ஜன்னலில் கடைசி வரியில் "சார் புரியல" என்று அடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். வாயால் சொல்ல முடியாததை இப்படியாவது சொல்கிறார்களே.

செய்முறைத் தேர்வு நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னிலையில் மாஸ்டரை மூடிவிட்டு, ஆசிரியர் சிஸ்டத்தின் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். உள்ளே இருந்து ஒருவர் மாணவரின் நிரலைத் திருத்த முடியும் என்ற வசதி இருக்கும் லேப்பில், திருத்தவில்லை என்று பிறகு நிரூபிப்பது கடினம். தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியலில் தேர்வாளரும் நீங்களும் கையெழுத்துப் போட்ட பிறகு கேபிளைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.